பேச்சே எழாமல் விழுந்தவர்கள்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் பட்டியல் கிடைத்தது. கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்க வேண்டிய, ஆனால் யாரும் கண்டுகொள்ளாத பத்து பேஸ்பால் வீரர்கள் என்று நீயே தலைப்பும் வைத்திருக்கிறாய். முதல் மூன்று பெயர் பாரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ், பீட் ரோஸ். அடேய், இந்த மூன்று பேரைக் கண்டுகொள்ளாத ஆள் அமெரிக்காவில் யார் இருக்கிறார்கள்? 762 ஹோம் ரன் அடித்த பாண்ட்ஸும், 354 ஆட்டங்களை வென்ற பிட்சர் கிளெமென்ஸும் 2013 முதல் 2022 வரை பத்து ஆண்டும் வாக்குச்சீட்டில் இருந்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஊக்கமருந்தை வைத்து ஊரே சண்டை போட்டது. கடைசி ஆண்டில் பாண்ட்ஸுக்கு 66 சதவீதம், கிளெமென்ஸுக்கு 65. தேவை 75. ரோஸ் 4,256 ஹிட் அடித்தவர், சூதாட்டத்துக்காக 1989-ல் தடை செய்யப்பட்டவர், அந்த விவாதம் அவர் இறந்த பின்னும் ஓயவில்லை. இவர்களுக்கு இடம் தரலாமா கூடாதா என்பது நல்ல சண்டைதான். நேரில் வரும்போது போடுவோம். ஆனால் அது இரண்டு பக்கமும் தொண்டை வற்றப் பேசி முடித்த விஷயம். பேச்சே எழாமல் விழுந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். நீ கேட்ட கேள்விக்கு விடை அவர்களிடம்தான் இருக்கிறது.

அது எப்படிப் பேச்சே எழாமல் போகும் என்பாய். நீ விதிகளைப் படிக்காமல் பட்டியல் போட்டிருப்பது தெரிகிறது, அதனால் சொல்கிறேன், கவனமாகக் கேள். குறைந்தது பத்து சீசன் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழிந்தவர்களின் பெயர் சீட்டுக்கு வரும். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து பத்து ஆண்டு உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள். ஒருவர் அதிகபட்சம் பத்து பெயரைக் குறிக்கலாம். 75 சதவீதம் எட்டினால் உள்ளே போகலாம். ஐந்து சதவீதம்கூட வராவிட்டால் சீட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அடுத்த ஆண்டு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மறுபடி, மறுபடி, பத்து ஆண்டு வரை வாய்ப்பு உண்டு. 2014-க்கு முன்னால் அது பதினைந்து ஆண்டாக இருந்தது.

எல்லாரும் அந்த 75-ஐயே பார்க்கிறார்கள். நீயும் அதைத்தான் பார்க்கிறாய். நான் பார்க்கச் சொல்வது அந்த ஐந்தை.

ஏனென்றால் நடுவில் கிடைக்கும் காலம் இருக்கிறதே, அதுதான் நியாயம் பிறக்கும் இடம். பெர்ட் பிளைலெவன் என்ற பிட்சருக்கு 1998-ல் முதல் முறையாக 17.5 சதவீதம் கிடைத்தது. 3,701 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். ஆனால் வெற்றிக் கணக்கு 287-ல் நின்றுவிட்டது, 300 தொடவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். ரிச் லெடரர் என்ற ரசிகர் உட்கார்ந்து எண்களைப் பிரித்து, பிட்சர் எவ்வளவு நன்றாக வீசினாலும் சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் வெற்றி எங்கிருந்து வரும் என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். வாக்காளர்கள் ஒவ்வொருவராக மனம் மாறினார்கள். 2011-ல், பதினான்காவது முறை, 79.7 சதவீதம். டிம் ரெய்ன்ஸும் லாரி வாக்கரும் பத்தாவது ஆண்டில்தான் உள்ளே போனார்கள். வாக்கருக்கு முதல் ஆண்டில் கிடைத்தது 20 சதவீதம். மனிதர்கள் மெதுவாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை, கற்றுக்கொள்ளக் காலம் கொடுத்தால் போதும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனவனுக்கு அந்தக் காலம் இல்லை.

இப்போது லூ விட்டேக்கருக்கு வருகிறேன். உன் பத்தில் அவர் பெயர் இல்லாததைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

1977 செப்டம்பர் 9, பாஸ்டனில் ஃபென்வே பார்க். டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு ஒரே ஆட்டத்தில் இரண்டு பையன்கள் அறிமுகமானார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் ஆலன் டிராமல், வயது 19. செகண்ட் பேஸில் விட்டேக்கர், வயது 20. அன்றிலிருந்து 1,918 ஆட்டங்கள் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். இவ்வளவு காலம் நீடித்த டபுள் ப்ளே ஜோடி மேஜர் லீகில் வேறு இல்லை. டபுள் ப்ளே என்பது என்ன என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு முறை நிறுத்தி நிதானமாகப் பார். பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் வருகிறது. அவர் எடுத்துத் தள்ளுகிறார். அதற்குள் செகண்ட் பேஸ்காரர் ஓடி வந்து பந்தை வாங்க வேண்டும், காலால் பேஸைத் தொட வேண்டும், தன் முழங்காலைக் குறிவைத்துச் சறுக்கி வரும் ஓட்டக்காரனைத் தாண்டிக் குதிக்க வேண்டும், குதித்தபடியே உடம்பைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். முதுகுப் பக்கமிருந்து எவன் வருகிறான் என்று பார்க்க நேரமில்லை. விட்டேக்கர் இதைப் பத்தொன்பது சீசன் செய்தார், அதுவும் கஷ்டமே இல்லாததுபோலச் செய்தார்.

ஜோடியில் டிராமலை எடுத்துக்கொள். ஹிட் 2,365. விட்டேக்கர் 2,369. ஹோம் ரன் டிராமலுக்கு 185, விட்டேக்கருக்கு 244. வாக் டிராமலுக்கு 850, விட்டேக்கருக்கு 1,197. டிராமலின் சராசரி கொஞ்சம் மேலே, .285-க்கு .276. டைகர்ஸ் வென்ற 1984 வேர்ல்டு சீரிஸில் சிறந்த வீரர் விருதும் டிராமலுக்குத்தான். யார் மேல் என்று நீயும் நானும் விடிய விடியப் பேசலாம். ஆனால் ஒருவர் மலை, மற்றவர் மடு என்று யாராவது சொல்ல முடியுமா?

வாக்குச்சீட்டு அப்படித்தான் சொன்னது. டிராமல் 2002-ல் சீட்டுக்கு வந்து பதினைந்து ஆண்டும் அதில் இருந்தார். ஜெயிக்கவில்லை, 41 சதவீதத்தைத் தாண்டவும் இல்லை. ஆனால் பெயர் உயிரோடு இருந்தது. கடைசியில், எழுத்தாளர்கள் விட்டுவிட்டவர்களை மறுபடி பார்க்கும் கமிட்டி அவரைத் தேர்ந்தெடுத்து 2018-ல் உள்ளே கொண்டுபோனது. விட்டேக்கருக்கு 2001-ல் கிடைத்தது 515 சீட்டில் 15 வாக்கு. 2.9 சதவீதம். இன்னும் பதினோரு பேர் அவர் பெயருக்கு நேரே பேனாவை வைத்திருந்தால் 2002-ல் இருவர் பெயரும் ஒரே சீட்டில் இருந்திருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள். அந்த ஒப்பீடு நடக்கவே இல்லை. என்னால் பொறுக்க முடியாதது இதுதான் மாப்ளே. தோற்றதற்காக நான் வருத்தப்படவில்லை. 2018 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் மேடையில் நின்ற டிராமல், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த விட்டேக்கரைப் பார்த்து, ஒரு நாள் நீயும் இங்கே நிற்க வேண்டும் என்பதே என் ஆசை என்ற பொருளில் பேசினார். பக்கத்தில் நின்று ஆடியவனைவிடப் பெரிய சாட்சி யார்?

ஏன் இப்படி ஆனது என்று கேட்பாய். கல்யாண வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பார், பந்தி விசாரித்தவர் ஒரு படத்திலும் இருக்க மாட்டார். விட்டேக்கர் பேட்டிங்கின் பெரிய கணக்கு எதிலும் லீகில் முதலிடம் வந்ததில்லை. அவருடைய மதிப்பு நாலு பக்கமும் பரவிக் கிடந்தது. கொஞ்சம் அடி, கொஞ்சம் பலம், நல்ல கை, நிறைய வாக். இந்த வாக் எடுப்பதைத்தான் அந்தத் தலைமுறை எழுத்தாளர்கள் மதிக்கவே இல்லை. பிட்சர் நான்கு பந்தைத் தப்பாகப் போட்டால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். பார்வைக்குச் சும்மா நின்றதுபோல இருக்கும். ஆனால் மணிக்கு 90 மைலில் வரும் பந்தை, இது தப்பான பந்து, தொடக்கூடாது என்று கண்டுபிடித்து மட்டையை நிறுத்துவது சும்மா இருப்பதா? அவுட் ஆகாமல் பேஸுக்குப் போனவன் அணிக்கு ஒரு வாய்ப்பை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறான். சராசரி என்ற பழைய எண் அதைக் கணக்கிலேயே எடுக்காது.

அவருடைய சட்டை ஒன்றுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தையும் சொல்கிறேன். 1985 ஆல் ஸ்டார் ஆட்டம் மினியாபொலிஸில் நடந்தது. விட்டேக்கர் தன் சீருடையைக் காரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். மைதானத்தில் ரசிகர்களுக்கு விற்கும் டைகர்ஸ் சட்டை ஒன்றை வாங்கி, முதுகில் மார்க்கர் பேனாவால் 1 என்று எழுதிக்கொண்டு, நாட்டின் மிகச் சிறந்த வீரர்கள் நடுவே போய் ஆடினார். அந்தச் சட்டை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆளுக்குத்தான் கூப்பர்ஸ்டவுனில் ஒரு வெண்கலப் பலகை இல்லை.

நீ இப்போது இரண்டு விதமாகக் குறுக்கே வருவாய், எனக்குத் தெரியும். முதலாவது, மாமா டெட்ராய்ட்டில் வேலை பார்த்த ஆள், சாய்ந்து பேசுகிறார் என்பாய். அதற்குப் பாஸ்டன்காரர் ஒருவரையும் நீ கைதட்டும் கிளீவ்லாந்துக்காரர் ஒருவரையும் வைத்துப் பதில் சொல்கிறேன், பொறு. இரண்டாவது கொஞ்சம் கனமானது. பிற்காலத்தில் இடது கை பிட்சர் வந்தால் விட்டேக்கரை உட்கார வைத்தார்களே, பாதி ஆள்தானே என்பாய். உண்மைதான், உட்கார வைத்தார்கள். ஆனால் கடைசி சீசனான 1995-ல், 38 வயதில், 84 ஆட்டங்களில் .293 சராசரியும் 14 ஹோம் ரன்னும் வைத்துவிட்டுத்தான் போனார். தேய்ந்துபோய் விலகியவர் இல்லை. மற்ற ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், 1983-ல் .320 சராசரி, 206 ஹிட். முதல் முழு சீசனிலேயே சிறந்த புதுமுகம். பிறகு ஐந்து ஆல் ஸ்டார், மூன்று கோல்டு குளவ். பாதி ஆள் என்ற பேச்சு இதில் எங்கே நிற்கும்?

அடுத்து டுவைட் எவன்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸின் ரைட் ஃபீல்டர். 1975 வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த ஹோம் ரன்னைச் சொல்வார்கள். பந்து கோட்டுக்கு உள்ளே விழ வேண்டுமே என்று இரண்டு கையாலும் காற்றைத் தள்ளியபடி அவர் குதித்தாரே, அந்தக் காட்சியை நீயும் எனக்கு அனுப்பியிருந்தாய். அதற்கு முந்தின இன்னிங்ஸைப் பார்த்தாயா? பதினொன்றாவது இன்னிங்ஸ். முதல் பேஸில் கென் கிரிஃபி. மட்டையில் சின்சினாட்டியின் ஜோ மார்கன். வலது பக்கம் பாய்ந்த அடி எவன்ஸின் தலைக்கு மேலே போகிறது. அவர் பின்னோக்கி ஓடி, ரசிகர்கள் உட்கார்ந்திருக்கும் தாழ்ந்த சுவருக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பிடித்து, அப்படியே சுழன்று உள்ளே எறிந்தார். பந்து போய்விட்டது என்று நினைத்து ஓடிக்கொண்டிருந்த கிரிஃபியும் அவுட். அந்தப் பந்து விழுந்திருந்தால் ஃபிஸ்க்கின் காட்சியே இல்லாமல் போயிருக்கலாம். ஃபிஸ்க் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறார், எவன்ஸ் இல்லை. ஃபிஸ்க்கின் தகுதியை நான் குறை சொல்லவில்லை, அவர் தன் தகுதியில் போனவர். ஆனால் நினைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துக்கொள்.

எவன்ஸ் எட்டு கோல்டு குளவ் வாங்கியவர். 385 ஹோம் ரன், 1,391 வாக். 1980-களில் அமெரிக்கன் லீகில் அவரைவிட அதிக ஹோம் ரன் அடித்தவர் யாருமில்லை. 1998-ல் அவர் வாக்கு பத்து சதவீதத்துக்கு ஏறியது. இனி மெல்ல மேலே போகும் என்று நினைத்த நேரத்தில், 1999 சீட்டில் நோலன் ரையன், ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட், அதே ஃபிஸ்க், நாலு பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். குறிக்கக்கூடியது பத்து பெயர்தானே? எவன்ஸ் 3.6 சதவீதத்துக்கு விழுந்தார், அதோடு முடிந்தது. ஓர் ஆண்டில் ஒரு மனிதனின் ஆட்டம் எப்படிக் கெடும், அவர்தான் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டாரே! பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

கென்னி லாஃப்டனுக்கு நடந்ததும் அதே கதை, இன்னும் மோசமாக. 2013 சீட்டில் பாண்ட்ஸ், கிளெமென்ஸ், சோசா, பியாஸா, பிக்கியோ எல்லோரும் முதல் முறையாக வந்தார்கள். மருந்துச் சண்டையில் வாக்கு சிதறி, அந்த ஆண்டு எழுத்தாளர்கள் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் கூச்சலில் 622 பேஸ் திருடிய, .299 சராசரி வைத்த லாஃப்டனுக்கு விழுந்தது 18 வாக்கு. அதோடு பெயர் போய்விட்டது. நீ கிளீவ்லாந்து அணிக்குக் கைதட்டுகிறாய், அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வெட்கமாக இல்லையா? 1995 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைத் தேடிப் பார். சியாட்டிலில் ராண்டி ஜான்சன் வீசுகிறார். ஒரு பந்து கேட்சரின் கையிலிருந்து நழுவுகிறது. செகண்ட் பேஸில் நின்ற லாஃப்டன் ஓடத் தொடங்குகிறார். அந்த மாதிரிப் பந்தில் யாரும் மூன்றாவது பேஸுக்குப் போய் நின்றுகொள்வார்கள். அவர் நிற்கவில்லை, வளைவைச் சுற்றி நேரே ஹோம் வரை வந்து சறுக்கி ரன் எடுத்தார். 1954-க்குப் பிறகு கிளீவ்லாந்து அந்த இரவில்தான் வேர்ல்டு சீரிஸுக்குப் போனது. தன் கால் எவ்வளவு தூரம் போகும் என்பதும், எதிராளி எந்த நொடியில் அசந்திருக்கிறான் என்பதும் தெரிந்தவனால் மட்டுமே அந்த ஓட்டம் ஓட முடியும்.

பாபி கிரிச்சும் இந்த வரிசையில் வருவார். செகண்ட் பேஸ், 1992-ல் 2.6 சதவீதம், முதல் ஆண்டே காலி. விட்டேக்கருக்குச் சொன்னதெல்லாம் இவருக்கும் பொருந்தும் என்பதால் நீட்டவில்லை.

உன் வாதங்களில் இரண்டு தப்பு இருக்கிறது, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு வேறு யாராவது உன்னை மடக்குவார்கள். ஹெரால்ட் பெய்ன்ஸையே எடுத்தார்களே, அப்புறம் என் ஆளுக்கு என்ன குறை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். பெய்ன்ஸ் எழுத்தாளர்களிடம் ஏழு சதவீதத்தைக்கூடத் தொடாதவர், 2018 டிசம்பரில் 16 பேர் கமிட்டியில் சரியாக 12 வாக்கு வாங்கிப் போனார். அந்தக் கமிட்டியில் அவருடைய பழைய மேனேஜரும் பழைய அணி உரிமையாளரும் இருந்தார்கள். அந்தத் தேர்வு எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அதை அளவுகோலாக வைத்தால் இன்னும் நூறு பேரை உள்ளே விட வேண்டிவரும். சேர்ந்தவர்களில் கடைசி ஆளைக் காட்டி யாருக்கும் இடம் கேட்காதே. நடுவில் இருப்பவர்களோடு நிறுத்திப் பார். விட்டேக்கரை ரைன் சாண்ட்பெர்க்கோடும் ராபர்ட்டோ அலோமரோடும் நிறுத்து. அவர்கள் தகுதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. அங்கேயும் விட்டேக்கர் தலை நிமிர்ந்து நிற்பார்.

இன்னொன்று, அந்த வார் என்ற எண். ஒரு சாதாரண மாற்று வீரரைவிட இவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று அடி, ஓட்டம், ஃபீல்டிங் எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. விட்டேக்கருக்கு 75 அளவில், கிரிச்சுக்கு 71, லாஃப்டனுக்கு 68, எவன்ஸுக்கு 67. நல்ல கருவிதான், இவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததே அதுதான். நீயோ தசமப் புள்ளி வரை பார்த்து, 68-க்காரர் 67-க்காரரைவிட மேல் என்று வரிசை போட்டிருக்கிறாய். அந்தக் காலத்து ஃபீல்டிங் கணக்கு பாதி மதிப்பீடு, அதில் ஒரு புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கும் அர்த்தமில்லை. யாரைத் தேட வேண்டும் என்று அந்த எண் காட்டும். தீர்ப்பு எழுதும் பொறுப்பு உன்னுடையது.

இத்தனை பேரை உள்ளே விட்டால் அந்த இடத்துக்கு என்ன மரியாதை என்று உன் நண்பர்கள் கேட்கலாம். 1936-ல் முதல் தேர்தலிலேயே பேப் ரூத்தின் பெயரைக் குறிக்காமல் விட்டவர்கள் 11 பேர். 1979-ல் வில்லி மேஸை விட்டவர்கள் 23 பேர். வாக்களிப்பவர்களும் மனிதர்கள்தான், தவறும். மரியாதை கெடுவது, தவறைத் திருத்த மறுக்கும்போது. திருத்தியதற்கு முன்னுதாரணமும் உண்டு. ரான் சாண்டோ 1980-ல் நான்கு சதவீதம்கூட வாங்காமல் சீட்டிலிருந்து விழுந்தார். 1985-ல் அவரையும் இன்னும் சிலரையும் மறுபடி சீட்டில் சேர்த்தார்கள். 1998-க்குள் அவர் 43 சதவீதம் வரை ஏறினார். நான்கு சதவீத ஆளா அவர்? கேள்வியை மறுபடி கேட்டதும் விடை மாறியது.

ஆனால் சாண்டோவின் கதை எங்கே முடிந்தது தெரியுமா? நீரிழிவில் இரண்டு காலையும் இழந்து, ஒவ்வொரு முறையும் அந்தத் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்து, 2010 டிசம்பரில் இறந்தார். 2011 டிசம்பரில் தேர்ந்தெடுத்தார்கள். டிக் ஆலன் ஒரே ஒரு வாக்கில் தவறினார், 2020-ல் இறந்தார், அடுத்த ஆண்டு மறுபடியும் ஒரே ஒரு வாக்கில் தவறி, 2024 டிசம்பரில் தேர்வானார். பக் ஓ'நீல் 2006-ல் கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குக்கான சிறப்புத் தேர்வில் விடுபட்டார். தேர்வான 17 பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அவர்களுக்காக 94 வயதில் அவரே கூப்பர்ஸ்டவுன் மேடையேறிப் பேசி, கூட்டத்தையே கைகோத்துப் பாட வைத்தார். அந்த அக்டோபரில் காலமானார். அவரைத் தேர்ந்தெடுத்தது 2021-ல்.

லூயிஸ் டியன்ட் பெயரை நீ எட்டாவதாக வைத்திருந்தாய். உன் பத்தில் எனக்குப் பிடித்தது அதுதான், அதனால் பாராட்டும் சொல்லிவிடுகிறேன். கியூபாவிலிருந்து வந்து, முதுகை பேட்டர் பக்கம் திருப்பி, வானத்தைப் பார்த்துவிட்டுச் சுழன்று வீசும் அந்த மனிதர் 229 ஆட்டம் வென்றார். 1968-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.60 ரன்தான் கொடுத்தார். அவர் அப்பாவும் நீக்ரோ லீக்கில் வீசிய பிட்சர். கியூபாவை விட்டு வர முடியாமல் பல ஆண்டுகள் மகனைப் பார்க்காமல் இருந்தவரை 1975-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஃபென்வேயில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க அந்தப் பெரியவர் கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு வீசினார். பந்து தாழ்ந்து போனது. அவருக்குப் பொறுக்கவில்லை. பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, இரண்டாவது முறை நேராக வீசிவிட்டுத்தான் இறங்கினார். டியன்ட்டுக்கு 1988-ல் முதல் வாக்கு 31 சதவீதம், நல்ல தொடக்கம். அடுத்த ஆண்டே கேலார்ட் பெர்ரியும் ஃபெர்கி ஜென்கின்ஸும் சீட்டுக்கு வந்ததும் பத்து சதவீத அளவுக்குச் சரிந்தார், பிறகு அந்த 31-ஐ நெருங்கவே இல்லை. 2024 அக்டோபரில் இறந்தார். அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கமிட்டி கூடியது, அப்போதும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஜான் டொனால்ட்சன் என்ற பெயரையும் உன் நோட்டில் எழுதிக்கொள். கறுப்பர்களுக்கு மேஜர் லீகில் இடமில்லாத காலத்து இடது கை பிட்சர். ஊர் ஊராகப் போய் ஆடியதால் அவர் கணக்கு சின்ன ஊர்ப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தது. ஆய்வாளர்கள் பழைய தாள்களைப் புரட்டி 400-க்கும் மேற்பட்ட வெற்றிகளையும் 5,000-க்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக்அவுட்களையும் இதுவரை கண்டெடுத்திருக்கிறார்கள். அவரும் இன்னும் வெளியில்தான். எதிரணிகள் எல்லாம் மேஜர் லீக் தரமா என்று கேட்காதே. அவரை மேஜர் லீகில் ஆட விடாதவர்களிடம் போய் அதைக் கேள்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். 1980-க்குப் பிறகு பெயர் வாங்கியவர்களுக்கான கமிட்டி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும், அடுத்தது 2028 டிசம்பரில். ஆனால் கமிட்டியின் முன்னால் போவது எட்டே பெயர்தான், அதைப் பொறுக்குவது மூத்த எழுத்தாளர்களின் ஒரு குழு. விட்டேக்கருக்கு 2019-ல் 16-க்கு 6 கிடைத்தது, எவன்ஸுக்கு 8. அதற்குப் பிறகு 2022-லும் 2025-லும் விட்டேக்கரை அந்த எட்டில்கூடச் சேர்க்கவில்லை. ஆகவே சத்தம் போட வேண்டியது டிசம்பரில் இல்லை, எட்டுப் பெயர் பொறுக்குவதற்கு முன்னால். நீ பேசும் கூட்டத்திலும் எழுதும் இடத்திலும் இதையே பேசு. பாண்ட்ஸுக்கும் ரோஸுக்கும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பட்டியலைத் திருத்தி அனுப்பு. முதல் மூன்று பெயரை எடுத்துவிட்டு விட்டேக்கர், எவன்ஸ், லாஃப்டனைப் போடு, டியன்ட் இருக்கட்டும், கிரிச்சுக்கும் டொனால்ட்சனுக்கும் இடம் பண்ணு. நீ ஐந்தாவதாக வைத்திருக்கும் டான் மேட்டிங்லியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1984 முதல் 1987 வரை அவரைப்போல யாரும் அடிக்கவில்லை என்பது சரி. ஆனால் முதுகு போன பிறகு ஆடிய ஆண்டுகளும் கணக்கில் உண்டு. தவிர அவர் பதினைந்து ஆண்டு சீட்டில் இருந்தார், கமிட்டிகளும் பலமுறை பார்த்துவிட்டன. இதற்கு நீ நீளமாக மறுப்பு எழுதுவாய், எழுது. ஆனால் பெய்ன்ஸ் பெயர் அதில் வரக்கூடாது. எழுதும் முன் அம்மாவுக்கு ஒரு போன் போடு, கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்றாம்.

அன்புடன்,
மாமா